அரசாங்கம் வளர்த்த முடி

பத்தாவது தேறிய இந்தியனை வெளிநாட்டில் எவனும் ஏமாற்ற முடியாது. இதை நான் சொல்லவில்லை, அரசாங்கம் சொல்கிறது. தேறியவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நேரே விமானம் ஏறலாம். தேறாதவன் பச்சைக் குழந்தை. வளைகுடா நாட்டுக்கு வேலைக்குப் போகிறேன் என்று அவன் கிளம்பினால், கையைப் பிடித்து நிறுத்தி, மூக்கைத் துடைத்து, பாதுகாத்து அனுப்ப ஓர் அலுவலகம் வேண்டும். மைசூரில் அந்த அலுவலகம் பன்னிமண்டபத்துப் பக்கம் ஓர் இனிப்புக் கடைக்கு மேல் மாடியில் இருந்தது. அயல்நாட்டுப் பணியாளர் பாதுகாப்பு மண்டல அலுவலகம் என்று மூன்று மொழியில் பெயர்ப் பலகை. படிக்கட்டைவிடப் பலகை நீளமாகிப் போனதால் பெயரின் பின்பாதி சுவரைச் சுற்றிக்கொண்டு கழிவறைப் பக்கம் போய்விட்டிருந்தது.

கவின்ராஜ் பத்தாவது தேறாதவன். பரீட்சைக்கு முந்தின மாதம் டைல்ஸ் பதிக்கும் வேலைக்கு வந்தவன், அப்படியே இருந்துவிட்டான். சொந்த ஊர் ஹனூர் பக்கம். அப்பா மாதையன் அங்கே மழையை நம்பி ராகி போடுகிறவர். மனைவி சொர்ணலதாவுக்கு மைசூரில் ஊதுபத்தி கம்பெனியில் வேலை. போன ஐப்பசி மழையில் ஊரில் அப்பாவுடைய வீட்டின் ஒரு பக்கச் சுவர் விழுந்து, மற்றச் சுவர்கள் வயிறு தள்ளி நின்றன. மாதையன் வாசலில் தார்ப்பாய் கட்டிக் கட்டிலை அதற்குள் இழுத்துப் போட்டுக்கொண்டார். மைசூருக்கு வாருங்கள் என்றால் மாட்டை யார் பார்ப்பது என்பார். மைசூரில் பாதிப் பேர் வீட்டுக்குத் தரை போட்டவனுடைய தகப்பன் தார்ப்பாய்க்குக் கீழே படுத்திருந்தார். இது கவின்ராஜுக்குச் சோறு இறங்கவிடாத விஷயமாக இருந்தது. மைசூர்க் கூலி சாப்பிடக் காணும், சுவர் எழுப்பக் காணாது. மஸ்கட்டில் இருந்த சிநேகிதன் கணேஷ்குமார் தன் கம்பெனியிலேயே வேலை வாங்கி விசாவும் அனுப்பியபோது, அடுத்த ஐப்பசிக்குள் அப்பாவுக்கு ஒரு வீடு என்று அவன் மனசில் கணக்குப் போட்டுவிட்டான். ஆடி முடிவதற்குள் மஸ்கட் போய்ச் சேர வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. அப்போது தை மாதம்.

அலுவலகத்தின் மூத்த பாதுகாவலர் இராமச்சந்திரன். மைசூரிலேயே பிறந்து வளர்ந்த தமிழர். 'நோடப்பா', அதாவது பாரப்பா, என்று கன்னடத்தில் கூப்பிட்டுத் தமிழில் முடிப்பது அவர் வழக்கம். முதல் நாளே கவின்ராஜை உட்கார வைத்து விளக்கினார்.

"நோடப்பா, நாங்க உன்னைத் தடுக்கறதுக்காக உக்காந்திருக்கல. பாதுகாக்கறதுக்கு உக்காந்திருக்கோம். இந்த ஆபீஸ் வழியா போன ஒருத்தர்கூட அங்க ஏமாந்ததா ரெக்கார்டே கிடையாது."

இதுவரை எத்தனை பேர் போயிருக்கிறார்கள் என்று கவின்ராஜ் மரியாதையாகத்தான் கேட்டான்.

"இன்னும் யாரும் போகல" என்றார் இராமச்சந்திரன். சொல்லும்போது அவர் முகத்தில் உண்மையான பெருமை இருந்தது.

முதலில் பயிற்சி. பெங்களூரிலிருந்து ஒரு நிபுணர் வந்தார். பிளாஸ்டிக் நாற்காலிகளை இரண்டிரண்டாக அடுக்கி விமானம் செய்து, எல்லாரையும் அதில் ஏற்றி இறக்கினார். அவர் எந்த வெளிநாட்டுக்கும் போனதில்லை. போய் வந்தவர்களுக்குச் சார்பு வந்துவிடும் என்று அவரே காரணம் சொன்னார். பிறகு ஆங்கிலத்தில் படம் போட்டு, அங்கே எப்படியெல்லாம் ஏமாற்றுவார்கள் என்று பாடம் நடத்தினார். அதில் முக்கியமானது பாஸ்போர்ட். எவன் கேட்டாலும், எவ்வளவு பெரிய ஆள் கேட்டாலும், பாஸ்போர்ட்டை அடுத்தவன் கையில் கொடுக்கவே கூடாது. கொடுத்தால் நீ அவனுக்கு அடிமை. எல்லாரும் மூன்று முறை இதைச் சத்தமாகத் திருப்பிச் சொன்னார்கள். அது முடிந்ததும் ஒரு பிளாஸ்டிக் கூடை வந்தது, எல்லாருடைய பாஸ்போர்ட்டையும் அதில் போடச் சொன்னார்கள். பத்திரமாக அலுவலகப் பீரோவில் இருக்குமாம். கவின்ராஜ் ஒரு நிமிஷம் தயங்கினான். அவனைப் பாடத்தில் கவனக்குறைவானவன் என்று நிபுணர் குறித்துக்கொண்டார்.

அடுத்தது தொழில் தேர்வு. டைல்ஸ் பதிப்பவன் என்று வாயால் சொன்னால் போதாது, பதித்துக் காட்ட வேண்டும். தேர்வுக்கான இடம் அலுவலகத்தின் தாழ்வாரம். அங்கே பழைய தரை பெயர்ந்து கிடந்தது. கவின்ராஜ் பதித்தான். தாழ்வாரத்தை வைத்து மட்டும் திறமையை மதிப்பிட முடியாது என்று காத்திருப்போர் அறைக்கும் தேர்வு நீண்டது. ஈரத்தில் வேலை செய்யும் திறன் தனிப் பாடம் என்பதால் கழிவறையும் சேர்ந்தது. கடைசியில் இராமச்சந்திரன் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலால் நடந்து பார்த்து, மிக நன்று என்று எழுதினார். எழுதிவிட்டுப் பெருமூச்சு விட்டார். இவ்வளவு நல்ல தொழிலாளியை ஏன் வெளிநாட்டுக்கு விட வேண்டும் என்று மேலிடத்தில் கேட்பார்களாம். அதற்கு ஒரு விளக்கம் தயாரித்து அனுப்பப் பங்குனி ஆகிவிட்டது.

சித்திரை பிறந்ததும் கைப்பேசியில் செய்தி வந்தது. விண்ணப்பம் ஏற்கப்பட்டது, முகப் பதிவுக்கு நேரில் வரவும்.

இந்த இடத்தில்தான் கவின்ராஜ் தப்புச் செய்தான். மாதேஸ்வரன் மலையடிவாரத்தில் பிறந்தவன் செய்யக்கூடிய தப்பு. விண்ணப்பத்தை ஏற்றுக்கொண்டால் முடி இறக்குகிறேன் என்று மாதேஸ்வரனிடம் வேண்டியிருந்தான். வேண்டுதலைப் பாக்கி வைத்துக்கொண்டு கடல் தாண்டக் கூடாது என்பது அந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் தெரிந்த கட்டுப்பாடு. அப்பாவும் மனைவியும் மகள் மனிஷாவும் கூட வர, பஸ் ஏறி மலைக்குப் போனான். தலை, மீசை இரண்டையும் கொடுத்துவிட்டுச் சந்தனம் பூசிக்கொண்டு நின்றான். மாதையன் மகனுடைய மொட்டைத் தலையைத் தடவித் தடவிப் பார்த்தார். அவர் அவ்வளவு சிரித்து யாரும் பார்த்ததில்லை.

முகப் பதிவு இயந்திரத்தைத் தேவம்மா என்கிற உதவியாளர் பார்த்துக்கொண்டார். இயந்திரம் கவின்ராஜைப் பார்த்துச் சிவப்பு விளக்குப் போட்டது. திரும்பப் பார்த்தது, திரும்பவும் சிவப்பு. பாஸ்போர்ட்டில் இருப்பவனுக்கு நிறைய முடியும் மீசையும் இருந்தன. எதிரே நிற்பவனுக்கு இரண்டும் இல்லை. தேவம்மாவுக்கு ஆளை நன்றாகத் தெரியும், அவன் போட்ட தரையில்தான் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ஆனால் தனக்குத் தெரிந்தால் போதாது, இயந்திரத்துக்குத் தெரிய வேண்டும் என்று கன்னடத்தில் வருத்தத்தோடு சொன்னார்.

புதிதாக ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளக் கூடாதா என்று கவின்ராஜ் கேட்டான். இராமச்சந்திரன் இதற்குச் சிரித்தார். போட்டோவை மாற்றினால் பாஸ்போர்ட் வேறு ஆளுடையதாகிவிடும். உன் பெயரில் வேறு எவனோ மஸ்கட் போய் ஏமாந்தால் உன்னை யார் பாதுகாப்பது? வழி ஒன்றுதான். முகம் பழையபடி ஆகும்வரை தோற்ற மீட்புக் கண்காணிப்பில் இருக்க வேண்டும். முடி இரண்டு விரல் வளர்ந்தால் இயந்திரம் ஒத்துக்கொள்ளும் என்று நிபுணர் கருத்து இருக்கிறது. அதுவரை முடியைக் கத்தரிக்கவோ மழிக்கவோ மாட்டேன், மீறினால் விண்ணப்பம் தானாக ரத்தாகும் என்று கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

அதன் பிறகு திங்கட்கிழமைதோறும் கவின்ராஜின் முடியை அரசாங்கம் அளந்தது. தேவம்மா பள்ளிக்கூட ஸ்கேலை நெற்றியில் வைப்பார், உச்சியில் வைப்பார், பிடரியில் வைப்பார், மீசைக்குத் தனியாகச் சின்ன ஸ்கேல் இருந்தது. தலைக்கு எண்ணெய் வைக்கலாம், அளவெடுக்கும் நாளில் வைக்கக் கூடாது. பக்கத்து நாற்காலியில் சாமராஜநகர்க்காரர் ஒருவர் இருந்தார். மஞ்சள் காமாலை வந்து இளைத்துப் போனவர். அவருக்குக் கன்னம் மீளும்வரை கண்காணிப்பு. கீழே இனிப்புக் கடை இருப்பதை அவருக்கு அரசுச் சார்பில் நினைவூட்டியிருந்தார்கள்.

ஒவ்வொரு திங்கட்கிழமையும் கவின்ராஜுக்கு ஒரு நாள் கூலி போனது. திங்கட்கிழமை வராத மேஸ்திரியைக் கான்ட்ராக்டர் மற்ற நாளிலும் கூப்பிடுவதை நிறுத்திக்கொண்டார். சொர்ணலதா கூடுதல் நேரம் ஊதுபத்தி உருட்டினாள். ஊரிலிருந்து மாதையன் போன் போட்டால், சாப்பிட்டாயா என்று கேட்பதற்கு முன்னால் முடியைத்தான் கேட்டார்.

"முடி வந்துருச்சா கண்ணு?"

"வந்துட்டு இருக்குதுங்கப்பா."

"மாதேஸ்வரனுக்குக் குடுத்ததைக் கவருமெண்டு திருப்பிக் கேக்குதாக்கும். நல்லாருக்குது போ. நீ போயிட்டு வா சாமி, நான் இங்க எங்க போயிறப் போறேன்."

ஆடிச் சாரலில் தார்ப்பாய்க்குள் தண்ணீர் வந்தது. மாதையனுக்கு இரண்டு நாள் காய்ச்சல். மகனிடம் சொன்னால் கிளம்பி வந்துவிடுவான், திங்கட்கிழமை போய்விடும் என்று அவர் சொல்லவில்லை. மூன்றாம் நாள் காலையில் பால் கறக்க ஆள் வரவில்லையே என்று பார்த்த பக்கத்து வீட்டுக்காரர்கள்தான் போன் செய்தார்கள்.

கவின்ராஜ் குடும்பத்தோடு போய்ச் சேர்ந்தபோது வாசலில் உடம்பைக் கிடத்தி எல்லாம் தயாராக இருந்தது. கொள்ளி வைக்கிற மகன் மொட்டை போட வேண்டும். முடி எடுப்பவர் கிண்ணத்தில் தண்ணீரோடு வேலியோரம் காத்திருந்தார். கவின்ராஜ் அவரைப் பார்த்தான், அப்பாவைப் பார்த்தான், பிறகு மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் போய் அலுவலகத்துக்குப் போன் செய்தான். இதை எழுதுவதற்கே எனக்கு வெட்கமாக இருக்கிறது. தகப்பன் செத்துக் கிடக்கும்போது தன் தலையை மழிக்கலாமா என்று ஒரு மனுஷன் அரசாங்கத்தைக் கேட்கிறான்.

"ஐயா, அப்பா தவறிட்டாருங்க. நான் ஒரே பையனுங்க, நாந்தான் கொள்ளி வெக்கோணும். மொட்டை அடிச்சுக்கறனுங்க. ஒரு வார்த்தை சொல்லுங்க ஐயா."

இராமச்சந்திரன் உள்ளபடியே வருத்தப்பட்டார். அவர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் ஏதாவது கேட்டு வாங்கிக்கொண்டாவது சரி என்றிருப்பார். காகிதம் புரளும் சத்தம் கேட்டது.

"நோடப்பா, ரூல்ல இதுக்கு இடமிருக்கு. யாரு இல்லேன்னது? நெருங்கிய உறவினர் மரணத்துக்காக முடி எடுக்கறதுன்னா, பதினஞ்சு நாளைக்கு முன்னாடி எழுதிக் குடுத்து அனுமதி வாங்கியிருக்கணும்."

"முந்தாநேத்து வரைக்கும் நல்லாத்தானுங்க பேசீட்டு இருந்தாரு."

"அதைத்தான் சொல்றேன். நம்ம ஜனங்ககிட்ட பிளானிங்கே கிடையாது."

கவின்ராஜ் கொட்டகையை விட்டு வெளியே வந்தான். அவன் முகத்திலேயே பதில் இருந்தது. சொர்ணலதா பக்கத்தில் வந்து தாழ்ந்த குரலில் சொன்னாள்.

"மஸ்கட்டு போனாப் போகுதுங்க. போய் உக்காருங்க."

அவன் உட்காரவில்லை. வீடு யாருக்காகவோ அவரே இல்லை என்று அவனுக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் மூன்று மாதக் கூலியை விட்டு, மனைவியின் தூக்கத்தை விட்டு, வாரா வாரம் ஸ்கேலுக்குத் தலை குனிந்து வளர்த்த முடி. மஸ்கட் போவதற்காக முடி வளர்க்கத் தொடங்கியவன் எப்போதோ முடி வளர்ந்ததற்காக மஸ்கட் போகிறவனாகி விட்டிருந்தான். இன்னும் கொஞ்ச நாளில் ஆடி முடிந்துவிடும். இப்போது எடுத்தால் எல்லாம் வீண். மனிஷாவாவது நல்லபடியாக இருக்கட்டும் என்று சொல்லிப் பார்த்தான். அது உண்மையா, தன்னைத் தேற்றிக்கொள்ளச் சொல்வதா என்று அவனுக்கே தெரியவில்லை.

பெரியப்பா மகன் ரவிக்குமார் போய் மணையில் உட்கார்ந்தான். அவன்தான் மொட்டை போட்டான், அவன்தான் கொள்ளி வைத்தான். ஒரே மகன் கூட்டத்தோடு கூட்டமாக, வாரிய தலையோடு நின்றான். யாரும் அவனை ஒரு வார்த்தை சொல்லவில்லை. கருமாதி முடியும்வரை அவனோடு பேசியவர்கள் எல்லாரும் அவன் நெற்றிக்குக் கீழேயே பார்த்துப் பேசினார்கள். மனிஷா மட்டும், தாத்தாவுக்கு ஏன் ரவிக்குமார் பெரியப்பா மொட்டை போட்டார் என்று கேட்டாள். அவளை யாரோ தூக்கிக்கொண்டு மாட்டைக் காட்டப் போனார்கள்.

ஆடி முடிய நாலைந்து நாள் இருக்கும்போது கவின்ராஜ் அலுவலகப் படி ஏறினான். முடி இரண்டு விரல். எண்ணெய் இல்லை. மீசை போட்டோவில் இருப்பதைவிட நன்றாகவே வந்திருந்தது. முகப் பதிவு இயந்திரத்தின் மேல் பழைய பூப்போட்ட துணி ஒன்றைப் போர்த்தியிருந்தார்கள். துணி மேல் தேவம்மாவின் சாப்பாட்டுப் பாத்திரம் இருந்தது.

முகப் பதிவை எடுத்துவிட்டார்களாம். தலையைப் பார்க்க வேண்டாம், கைரேகை போதும் என்று ஆனி மாதமே உத்தரவு வந்துவிட்டதாகத் தேவம்மா சொன்னார். ஆனியில் அப்பா உயிரோடு இருந்தார். அதற்குப் பிறகும் திங்கட்கிழமைதோறும் நீங்கள் அளந்தீர்களே அம்மா என்று கவின்ராஜ் கேட்டான். தேவம்மா தலையைக் குனிந்துகொண்டார். முகப் பதிவை நிறுத்தச் சொல்லித்தான் உத்தரவு வந்தது, அளவெடுப்பதை நிறுத்தச் சொல்லித் தனி உத்தரவு இன்னும் வரவில்லை என்றார்.

இராமச்சந்திரன் அறைக்குள் போனான். ஐயா, போனில் கேட்டேனே, அப்போதாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்றான். கேட்கப்பட்ட விதிக்குத்தான் பதில் சொல்ல முடியும், கேட்கப்படாத உத்தரவைப் பற்றித் தானாகப் பேசுவது நடத்தை விதிக்கு எதிரானது என்று அவர் பொறுமையாக விளக்கினார். பிறகு முகம் மலர்ந்து, இனிமேல் உனக்குத் தடையே இல்லை, புதிதாக ஒரு சின்ன நேர்காணல் மட்டும் சேர்த்திருக்கிறார்கள், இப்போதே முடித்துவிடலாம் என்றார். அதற்கு வேர்ப்பிடிப்பு நேர்காணல் என்று பெயர். போகிறவனுக்கு ஊரில் பற்று இருக்கிறதா, திரும்பி வருவானா என்று பார்ப்பது.

அப்பா பெயர் கேட்டார். இறந்த தேதி கேட்டார். எழுதிக்கொண்டே வந்தவர் பேனாவை நிறுத்திவிட்டு நிமிர்ந்து, முதல் தடவையாகப் பார்ப்பவர்போல அவன் தலையைப் பார்த்தார்.

"ஒரே மகன்னு சொன்னே இல்ல?"

"ஆமாங்க."

"காரியம் யாரு பண்ணாங்க?"

"பெரியப்பா பையனுங்க. நீங்கதானுங்க ஐயா..."

"நான் ரூலைச் சொன்னேன்ப்பா. பண்ணாதேன்னு சொன்னேனா?" இராமச்சந்திரன் கண்ணாடியைக் கழற்றிவிட்டு மெதுவாகப் பேசினார். அவர் குரலில் நிஜமாகவே வலி இருந்தது. "பெத்த அப்பனுக்கு ஒரு முடி குடுக்க மனசு வரல உனக்கு. நீ நாளைக்கு அங்கேயிருந்து திரும்பி வருவேன்னு நான் எதை நம்பி எழுதறது? நாடு நாளைக்கு என்னைக் கேக்காதா? என் பையன் இருக்கான் டொரண்டோவில. அவன் அம்மா போனப்போ அவனுக்கு லீவு கிடைக்கல, வீடியோவுலதான் பார்த்தான். அஞ்சு வருஷமாச்சு, இன்னும் வரல. ஆனா அது வேற. அவன் பத்தாவது பாஸ்."

வேர்ப்பிடிப்பு இல்லை, மறு பரிசீலனைக்குத் தை மாதம் வரவும் என்று எழுதினார். பாஸ்போர்ட்டையாவது கொடுங்கள் என்று கவின்ராஜ் கேட்டான். அது பீரோவில் பத்திரமாக இருக்கிறது, கவலைப்படாதே என்றார்.

தாழ்வாரத்தில் தான் பதித்த தரையில் நடந்து படி இறங்கினான். ஒரு கல்கூட ஆடவில்லை. இனிப்புக் கடைக்கு அடுத்து ஒரு சலூன் இருந்தது. உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் எடுத்துவிடச் சொன்னான். சலூன்காரர் துணியைப் போர்த்திக்கொண்டே, மாதேஸ்வரனுக்கு வேண்டுதலா என்று கேட்டார்.

"இல்லீங்க" என்றான் கவின்ராஜ். "எங்கப்பாவுக்கு."

எப்போது போனார் என்று கேட்டார். இப்போதுதான் என்றான். கருமாதியே முடிந்து போயிருந்தாலும் அவனுக்கு அப்படித்தான் இருந்தது. கத்தி ஓட ஓட அவன் வாய்விட்டு அழுதான். சலூன்காரர் இடையில் நிறுத்தவில்லை, கத்தியை மட்டும் மெல்ல ஓட்டினார். முடி மடியிலும் தரையிலும் விழுந்து கிடந்தது. திங்கட்கிழமைதோறும் நெற்றியிலும் உச்சியிலும் பிடரியிலும் அளந்து, எண்ணெய்கூடப் படாமல் வளர்த்த முடி. அந்த அலுவலகம் திறந்த நாளிலிருந்து கடைசிவரை பத்திரமாகப் பாதுகாத்தது அது ஒன்றைத்தான். சலூன்காரர் துடைப்பத்தை எடுத்து அதை ஒரு மூலைக்குக் கூட்டித் தள்ளினார்.